கட்டுவிரியன் கடி: ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது? தசை பலத்தை டாக்டர்கள் சோதிப்பது எப்படி?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் போன்ற பகுதிகளில் பாம்புக்கடியோடு ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால், டாக்டர் செய்யச் சொல்வது சில நேரம் கூட வந்தவர்களுக்கு எரிச்சலாகக் கூட இருக்கும்.

"தலையை அசைக்காம மேலே பாருங்க." "வாயை நல்லாத் திறங்க, நாக்கை நீட்டுங்க." "தலையணை இல்லாம தலையை மட்டும் தூக்குங்க." "மூச்சை இழுத்துட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க பார்ப்போம்."

விஷம் ஏறிக்கிட்டு இருக்கு, இவர் என்னடா பள்ளிக்கூடம் நடத்துறாரு என்று தோன்றலாம். ஆனால் அந்த நிமிடத்தில் நடப்பது தசைகளின் பலத்தை அளக்கும் பரிசோதனை. கடித்தது கட்டுவிரியனாக இருந்தால், உடம்பில் விஷம் வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல அநேகமாக இது ஒன்றுதான் வழி. இந்தச் சோதனைகள் என்ன, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்கலாம் என்று பார்க்கலாம்.

கட்டுவிரியன் கடியில் என்ன சிக்கல்?

இந்தியாவில் அதிக உயிர்களை எடுக்கும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் வலி, வீக்கம், ரத்தக் கசிவு என்று உடம்பே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். நல்ல பாம்பு கடித்தாலும் பெரும்பாலும் கடித்த இடம் வீங்கி வலிக்கும்.

கட்டுவிரியன் அப்படி இல்லை. பெயரில் விரியன் என்று இருந்தாலும் அது விரியன் இனமே கிடையாது. விஷத்தின் தன்மையில் நல்ல பாம்புக்குத்தான் நெருங்கிய சொந்தம். இரவில் நடமாடும். எலியையும் பல்லியையும் சின்னப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். பல் சின்னது என்பதால் எறும்போ கொசுவோ கடித்த மாதிரி இருக்கும். பலருக்கு அதுகூடத் தெரியாது. வீக்கம் இருக்காது. கடித்த தடத்தை லென்ஸ் வைத்துத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

விடியற்காலையில் வயிற்றைப் பிடித்து வலிக்கும். வாந்தி வரும். "நேத்து ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல" என்று நினைத்துக் கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை கனக்கும். "தூக்கம் பத்தல" என்பார்கள். அடுத்து பேச்சு குழறும். அப்போதுதான் வீட்டில் பயம் வரும்.

மருத்துவமனையில் பாம்புக்கடிக்கு முதலில் செய்யும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் என்று சந்தேகம் வலுக்கும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். ஆக, காயம் இல்லை, வீக்கம் இல்லை, ரத்தமும் நார்மல். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு, அப்போ விஷம் இல்ல" என்று வீட்டுக்குக் கிளம்பினால் ஆபத்து. விஷம் வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொண்டிருக்கும்.

அந்த இடம் எது?

மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பு வழியாக ஓடி வருகிறது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. நரம்பு முனையில் சின்னச் சின்னப் பைகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நிரம்பியிருக்கும். கட்டளை வந்ததும் அது வெளியே கொட்டி, இடைவெளியைத் தாண்டி, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காரும். சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி. உடனே தசை சுருங்கும். நாம் கண் சிமிட்டுவது, பேசுவது, மூச்சு இழுப்பது எல்லாம் இப்படித்தான்.

நல்ல பாம்பின் விஷம் பூட்டை அடைக்கிறது. கட்டுவிரியன் விஷம் பூட்டை அடைப்பதோடு நிற்காமல் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. அந்தப் பைகள் காலியாகி, முனை அழிகிறது. பிறகு விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அழிந்த முனை உடனே திரும்பாது. புதிதாக வளர நாள்கணக்கில் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கில். அதனால்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது. ரத்தத்தில் சுற்றிக் கொண்டிருக்கும் விஷத்தைத்தான் மருந்தால் பிடிக்க முடியும்.

மேலிருந்து கீழே இறங்கும் பலவீனம்

இந்த விஷத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண் இமை, அடுத்து கண்ணை அசைக்கும் தசைகள், பிறகு தாடை, நாக்கு, தொண்டை, கழுத்து. அதன் பின் கை கால். இந்தப் போக்கிலேயே மூச்சு விடும் தசைகளும் தளரும். டாக்டரின் கேள்விகளும் இதே வரிசையில் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

கண்: இயல்பாக மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். இமை இறங்க இறங்க மூடும் அளவு கூடும். டாக்டர் ஒரு விரலை உயரத்தில் பிடித்து, தலையை அசைக்காமல் அதையே பார்க்கச் சொல்வார். நல்ல நிலையில் இருப்பவரால் ஒரு நிமிடம் வரை பார்க்க முடியும். பலவீனம் ஆரம்பித்தவருக்கு இமை மெல்ல மெல்லக் கீழே வழிந்துவிடும். இன்னொரு அடையாளம், நெற்றியைச் சுருக்கி, தாடையைத் தூக்கிக்கொண்டு பார்ப்பது. இமையைத் தூக்க முடியாதவர் தன்னை அறியாமலே செய்கிற சமாளிப்பு அது. எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரியுது என்று சொன்னால், கண்ணை அசைக்கும் தசைகள் சேர்ந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

வாய், தொண்டை: பெரும்பாலான பெரியவர்களுக்கு வாயை முழுதாகத் திறந்தால் அவரவர் விரல் மூன்றை நிமிர்த்தி வைக்கும் அளவு இடைவெளி இருக்கும். அது குறைகிறதா என்று பார்ப்பார்கள். நாக்கு பல்லைத் தாண்டி வருகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா, கடைவாயில் வழிகிறதா? குரல் மூக்கால் பேசுவது போல மாறுகிறதா? இந்த இடத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தெம்புக்கு என்று பால், காபி, சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

கழுத்து: மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்வது. சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் கழுத்தை முன்னால் மடக்கும் தசைகளும், மூச்சின் முக்கியத் தசையான உதரவிதானமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தளர்வது வழக்கம். தலையைத் தூக்க முடியாதவருக்கு அடுத்து மூச்சு சிரமப்படப் போகிறது என்று டாக்டர்கள் எடுத்துக் கொள்வார்கள். தோளைப் பிடித்துத் தூக்கும்போது தலை பின்னால் தொங்கினால் நிலைமை தீவிரம்.

ஒரே மூச்சில் எண்ணுவது எதற்கு?

சடுகுடு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூச்சை இழுத்து அடக்கி, எதிரணிக் கோட்டுக்குள் பாடிக்கொண்டே போக வேண்டும். மூச்சு பத்தாதவர் பாதியில் பிடிபடுவார். டாக்டர் கேட்பதும் அதே தம்தான். முழு மூச்சு இழுத்துவிட்டு, நடுவில் மூச்சு வாங்காமல், சாதாரண வேகத்தில் சத்தமாக எண்ண வேண்டும். இந்தியாவின் பாம்புக்கடி சிகிச்சை வழிகாட்டுதல்படி ஒரு பெரியவர் ஒரே மூச்சில் 30-க்கு மேல் எண்ணினால் இயல்பு. மூச்சை உள்ளே இழுத்து அடக்கி வைத்திருக்கும் நேரம் 45 விநாடிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும்.

ஒரு விஷயம். ஆங்கிலத்தில் எண்ணுவதற்கும் தமிழில் "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று இழுத்து எண்ணுவதற்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல. பென்னாகரம் பக்கம் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாக இருப்பவர்களும் உண்டு. புகைபிடிப்பவர், ஆஸ்துமா இருப்பவர், வயதானவர் என்றால் எண்ணிக்கை முதலிலேயே குறைவாகத்தான் இருக்கும். அதனால் முதல் தடவை எவ்வளவு வந்தது என்பதைவிட, அதே ஆள் அதே மொழியில் அரை மணி நேரம் கழித்து எண்ணும்போது எவ்வளவு வருகிறது என்பதுதான் கதையைச் சொல்லும். வந்தபோது 28, பிறகு 19, அடுத்து 11 என்றால் இதற்கு மேல் எந்த மிஷினும் வேண்டாம். இந்த எண்களை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பது, வெறுமனே "நோயாளி நலம்" என்று எழுதுவதைவிட நூறு மடங்கு உபயோகம். அடுத்த மருத்துவமனையில் பார்க்கும் டாக்டருக்கும் அதுதான் கையில் கிடைக்கும் ஒப்பீடு.

குழந்தைகளை எண்ணச் சொல்ல முடியாதே? அழுகையைக் கவனிப்பார்கள். கணீரென்று அழுத குழந்தை கம்மிய குரலில் முனக ஆரம்பித்தால், சமாதானமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் போதாதா?

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது. "98 காட்டுது, ஒண்ணும் இல்ல" என்று நிம்மதி அடைவதும் நடக்கிறது. கொரோனாவில் நுரையீரலே கெட்டது. அதனால் ஆக்சிஜன் அளவு சீக்கிரம் இறங்கியது. பாம்புக்கடியில் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், அதை விரிக்கும் தசைதான் ஓய்ந்து போகிறது. முதலில் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். ஆக்சிஜன் அளவு இறங்குவது கடைசிக் கட்டத்தில். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகத்தான் காட்டும். மீட்டரில் எண் விழும்போது நேரம் கையை விட்டுப் போயிருக்கலாம். மூச்சு இழுக்கும்போது வயிறு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமான அறிகுறி.

கை கால் பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க்

நரம்பு டாக்டரிடம் போனவர்கள் சீட்டில் "பவர் 4/5" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்து வந்த சிப்பாய்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-ல் வெளியிட்ட கையேட்டிலிருந்து வந்த அளவுகோல் இது. தசை துளிகூட அசையவில்லை என்றால் 0. லேசான துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. படுக்கையின் மேல் கையைப் பக்கவாட்டில் நகர்த்த முடிகிறது, ஆனால் தூக்க முடியவில்லை என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3. டாக்டர் கையால் அழுத்தும்போது ஓரளவு தாங்கினால் 4. முழு பலம் 5.

மலிவானது, எங்கும் செய்யலாம். குறையும் இருக்கிறது: 4 என்பது ரொம்பப் பெரிய கூடை. கொஞ்சம் பலம் குறைந்தவரும் பாதிக்கு மேல் இழந்தவரும் அதே 4-ல் விழுவார்கள். அதனால் பெரிய மையங்களில் கைப்பிடி பலத்தைக் கிலோ கணக்கில் காட்டும் கருவியும் வைத்துக்கொள்கிறார்கள். கட்டுவிரியன் கடியில் இந்த அளவுகோலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கை கால் 5/5 இருக்கும்போதே இமையும் தொண்டையும் விழுந்திருக்கலாம். "நடந்துதானே வந்தாரு" என்பது ஆதாரமே இல்லை.

மெஷின் பரிசோதனைகள் எங்கே வருகின்றன?

மணிக்கட்டு நரம்பில் இரண்டு விநாடிக்குள் நான்கு சின்ன மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் நான்கு தடவையும் ஒரே பலத்தில் துடிக்கிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. 1970-ல் மயக்க மருத்துவர்களுக்காக வந்தது. ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து தெளிந்துவிட்டதா என்று பார்க்க இன்றும் இதுதான். முதல் துடிப்பைவிட நான்காவது சோர்ந்து போனால், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு இருக்கிறது. நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளப்பது, தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து மின்னோட்டம் பதிவு செய்வது போன்றவை நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் நடக்கும். நிதானமாகக் கண்டுபிடிக்க வேண்டிய நோய்களுக்கு இவை அவசியம். விடியற்காலை அவசரப் பிரிவில் இவற்றுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை

பலவீனம் இருக்கிறது என்று தெரிந்தபின் டாக்டர்கள் நியோஸ்டிக்மின் என்ற ஊசியை, இதயத் துடிப்பு குறையாமல் இருக்க அட்ரோபின் ஊசியுடன் சேர்த்துப் போடுவார்கள். இடைவெளியில் கொட்டும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை இது தடுக்கும். அதனால் சாவிகள் அதிக நேரம் சுற்றிக் கொண்டிருக்கும். அடைபடாத பூட்டுகளாவது திறக்கும். போடுவதற்கு முன் இமை எவ்வளவு மூடியிருந்தது, வாய் எவ்வளவு திறந்தது, எத்தனை வரை எண்ணினார் என்று குறித்து வைத்து, அரை மணி நேரத்தில் மறுபடி அளப்பார்கள். நல்ல பாம்பு கடித்தவருக்குப் பெரும்பாலும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். கட்டுவிரியன் கடியில் சாவியே உற்பத்தியாகாததால் பெரிய மாற்றம் வராது. வரவில்லை என்றால் ஊசியைத் தொடர்வதில் பயனில்லை. ஒரே ஊசி சிகிச்சையாகவும் இருக்கிறது, சோதனையாகவும் இருக்கிறது.

விஷமுறிவு மருந்து தனி. நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், ஆரம்ப டோஸ் 10 குப்பி. குழந்தைக்கும் அதே 10. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை அல்லவா? இந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

"கண்மணி அசையல, போயிடுச்சு" என்று சொல்லிவிடலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

விஷம் முழுதாக ஏறியவருக்கு இமை மூடியிருக்கும், கை கால் அசையாது, மூச்சு இருக்காது, கிள்ளினால் முகம் சுளிக்காது. கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி விரிந்தபடியே நிற்கலாம். மற்ற நோய்களில் மூளை இறந்துவிட்டது என்று காட்டும் அடையாளங்கள் இவை. ஆனால் இங்கே செத்திருப்பது நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் தொடர்பு மட்டும்தான். மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்குச் சுற்றி நடப்பது கேட்கலாம். பதில் சொல்லத்தான் தசை இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் விரிந்த கண்மணியை மூளைச்சாவின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இந்திய வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால், நரம்பு முனை வளர்ந்து, இப்படிப்பட்டவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் கையால் அமுக்கும் சுவாசப் பையை விடாமல் அமுக்கிக்கொண்டே போயும் காப்பாற்ற முடியும். ஐசியூ-வில் அவர் பக்கத்தில் நின்று அழுது புலம்புவதைவிட, பெயர் சொல்லிக் கூப்பிட்டு "ஊசி போட்டிருக்காங்க, சரியாயிடும்" என்று பேசுங்கள். கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பென்னாகரத்தில் ஏன் நேரம் இவ்வளவு முக்கியம்?

பென்னாகரத்திலிருந்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். ரோட்டோரம் இருப்பவர்களுக்கு இது பெரிய தூரமில்லை. ஆனால் ஒகேனக்கல் பக்கத்துக் காட்டோர ஊர்களும், வட்டுவனஅள்ளி ஊராட்சியின் மலைக் கிராமங்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. தேர்தல் வந்தால் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையில்தான் நோயாளியும் இறங்க வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே மலைக் கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. தமிழ்நாட்டில் எந்த மலை ஊருக்கும் இது பொருந்தும்.

வழியில் மூச்சு நிற்குமா, நிற்காதா? அனுப்புவதற்கு முன்பே குழாய் போட வேண்டுமா? முதலில் பார்க்கும் டாக்டர் இந்த முடிவை எடுக்க உதவுவதும் அந்த எண்ணிக்கையும் கழுத்துத் தூக்கலும்தான். 11 வரை மட்டும் எண்ணுகிற ஒருவரைச் சுவாசப் பையும் அதை அமுக்கத் தெரிந்த ஆளும் இல்லாத வண்டியில் ஏற்றி அனுப்புவது சரியான முடிவாக இருக்க முடியாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருடத்துக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030-க்குள் இந்த மரணங்களைப் பாதியாக்கும் இலக்குடன் மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எந்த ஊரில் எந்த மாதம் கடி அதிகம் என்று தெரிந்தால்தான் மருந்தையும் சுவாசக் கருவியையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பலவீனம் எல்லாமே பாம்புக்கடியா?

இல்லை. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். பக்கவாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், திடீரென்று. 2025 தொடக்கத்தில் புனேயில் பரவலாகப் பேசப்பட்ட குய்லன் பாரே நோயில் பெரும்பாலும் காலில் ஆரம்பித்து மேலே ஏறும். முட்டியில் சுத்தியல் தட்டினால் கால் உதறாது. பாம்புக்கடிக்கு நேர் எதிர்த் திசை. அங்கேயும் மூச்சுத் தசையைக் கவனிக்க இதே எண்ணும் சோதனை உண்டு.

காலையில் நன்றாக இருந்து, சாயங்காலம் ஆக ஆக இமை விழுந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தப் பூட்டுகளைத் தாக்கும் நோய். இமை மேல் ஐஸ் பையை இரண்டு நிமிடம் வைத்து, இமை மேலே எழுகிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை. இதில் சுவாரசியம் என்னவென்றால், இந்த நோயை உலகம் புரிந்துகொள்ள உதவியதே ஒரு கட்டுவிரியன்தான். 1963-ல் தைவான் விஞ்ஞானிகள் அங்குள்ள கட்டுவிரியன் வகையின் விஷத்திலிருந்து ஒரு நச்சைப் பிரித்தார்கள். அது பூட்டில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொண்டதால், அதைத் தூண்டில் மாதிரி வைத்து அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. அந்த ஏற்பியை 1973-ல் அமெரிக்காவில் முயல்களுக்கு ஊசியாகப் போட்டபோது அவை மயஸ்தீனியா நோயாளிகளைப் போலத் தளர்ந்து விழுந்தன.

பென்னாகரத்துக்காரர்களுக்கு இன்னொரு வகையும் தெரியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமான தர்மபுரி மாவட்டத்தில் பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிவிடும். அதற்கும் மெஷின் இல்லாத மூன்று சோதனைகள் உண்டு: முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது, தாடையால் மார்பைத் தொடுவது, கைகளை விரித்து மடக்கிப் பின்தலையைத் தொடுவது. முடியவில்லை என்றால் அது பல வருடங்களில் வந்த இறுக்கம்; தசையின் பலக் குறைவு அல்ல. முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெருக்கும்போதுதான் கால் பலமே குறையும். 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருப்பது இதற்காகத்தான்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பாம்பு கடித்தது என்று தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ இந்தச் சோதனைகளை வீட்டில் செய்துவிட்டு "நல்லாத்தான் எண்ணுறாரு" என்று இருந்துவிடக் கூடாது. நேராக மருத்துவமனைதான். 108-க்கு அழைக்கலாம், மலைப்பாதை என்றால் கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வர வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்தால் போதும். பாம்பை அடித்துக் கொண்டுவர நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பாம்பையே பார்க்காவிட்டாலும், தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தியோடு இமை கனக்குது என்றால் கட்டுவிரியனை நினைத்துப் பாருங்கள். போகும் வழியில் உதவியாக ஒன்று செய்யலாம்: இமை எப்போது விழ ஆரம்பித்தது, பேச்சு எப்போது மாறியது, எச்சில் எப்போது வழிந்தது என்று மணியை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். படத்தில் நேரம் பதிவாகியிருக்கும். டாக்டருக்கு அது நேரடி ஆதாரம்.

மருத்துவமனையில் எந்த அறிகுறியும் இல்லை என்றாலும் குறைந்தது 24 மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். கட்டுவிரியன் விஷம் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம் என்பதால் இடையில் கிளம்ப வேண்டாம்.

வென்டிலேட்டரில் இருந்தவரை அதிலிருந்து எடுப்பதற்கு முன்பும் ஒரு சோதனை உண்டு. படுத்தபடியே தலையைத் தூக்கி 5 விநாடி நிறுத்தச் சொல்வார்கள். அது முடிந்தால், தானாக மூச்சு விட விட்டுப் பார்த்து, குழாயை எடுப்பார்கள். குரல் திரும்பியதும் மறுபடி கேட்பார்கள்: ஒரே மூச்சில் எண்ணுங்க.